கம்ப்யூட்டர் கைவந்தால் மார்க்கும் வருமா? முதலாமாண்டு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு கலை அறிவியல் கல்லூரியின் கணினி லேபைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். தமிழ், வரலாறு, வணிகவியல், கணிதம் என்று எந்தத் துறையில் சேர்ந்தாலும் முதல் செமஸ்டரில் பிள்ளைகள் என் லேபுக்கு வந்துதான் ஆக வேண்டும். வருடா வருடம் முகங்கள் மாறுகின்றன, கேள்விகள் மாறுவதில்லை. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட வாக்கிலேயே இருக்கின்றன. பின்பகுதியில் வரும் இரண்டு கேள்விகளைக் கேட்டவர்கள் ஒரு சக ஆசிரியரும் ஓர் ஆய்வு மாணவரும்.

போன்ல எல்லாமே பண்றேன் மேம். வீடியோ எடிட் பண்றேன், அப்பாவுக்கு பேங்க் வேலைகூட பார்த்துத் தர்றேன். அப்புறம் எனக்கு கம்ப்யூட்டர் தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?

உங்களுக்குத் தெரிந்தது நிறைய. ஆனால் கல்லூரி கேட்பது வேறு. போனில் ஒரு ஃபைல் எங்கே கிடக்கிறது என்று யோசிக்கவே வேண்டாம், எந்த ஆப்பில் வேலையோ அந்த ஆப்பே எடுத்துக் கொடுத்துவிடும். கம்ப்யூட்டரில் பாதி வேலையே அந்த யோசனைதான்.

போன வருடம் ஒரு பையன் ஐந்து பக்க அசைன்மென்டை டைப் செய்து, முறையாக சேவ் செய்துவிட்டுப் போனான். மறுநாள் வந்து தேடினால் காணோம். அழாத குறை. முதல் நாள் உட்கார்ந்தது 7-ம் நம்பர் மெஷின், அன்றைக்கு உட்கார்ந்திருந்தது 11-ம் நம்பர். போனில் எடுத்த படம் அவன் அக்கா வீட்டு போனிலும் அதே கணக்கில் தெரிகிறது. லேபில் மட்டும் ஏன் மெஷினுக்கு மெஷின் மாறுகிறது என்று கேட்டான். நியாயமான கேள்விதான். போன் படம் இணையத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, லேபில் சேவ் செய்தது அந்த மெஷினுக்குள்ளேயே கிடக்கிறது. போனோடு பிறந்த தலைமுறைக்கு எல்லாம் தானாக வந்துவிடும் என்று சொல்பவர்கள் ஒரு நாள் என் லேபில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

சரி, அப்போ என்னென்ன தெரிஞ்சா போதும்?

ஃபைலுக்கு அர்த்தமுள்ள பெயர் வைத்துச் சேமிப்பது, மறுபடி கண்டுபிடிப்பது, வேறு இடத்துக்கு அனுப்புவது. தலைப்பு, பக்க எண், அட்டவணை எல்லாம் சரியாக அமைந்த ஒரு ஆவணம். எக்செல்லில் கூட்டல், சராசரி, வரிசைப்படுத்தல். தேடிக் கிடைத்ததில் எதை நம்பலாம் என்று பிரித்துப் பார்ப்பது. படிவம் நிரப்புவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தில் புகைப்படம் 20 கேபிக்கும் 50 கேபிக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பதற்காகவே பிரவுசிங் சென்டரில் காசு கொடுப்பவர்கள் நம் ஊரில் ஏராளம்.

எக்செல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பி.காம் மாணவி ஒருத்தி நாற்பது வரிசைச் செலவுக் கணக்கை அழகாக உள்ளிட்டிருந்தாள். மொத்தம் எப்படிப் போட்டாள் என்று பார்த்தால், போனில் கால்குலேட்டரைத் திறந்து கூட்டி, வந்த எண்ணைக் கடைசிக் கட்டத்தில் டைப் செய்திருக்கிறாள். நடுவில் ஒரு தொகையை 450-லிருந்து 540 ஆக மாற்றச் சொன்னேன். மாற்றினாள். கீழே மொத்தம் அசையாமல் நின்றது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ இது வெறும் கட்டம் போட்ட நோட்டுதானா மேம்?” என்றாள். கூட்டல் ஃபார்முலாவைப் போட்டுக் கொடுத்ததும் அந்த 540-ஐ ஏழெட்டு தடவை மாற்றி மாற்றி அடித்து, மொத்தம் துள்ளுவதை வேடிக்கை பார்த்தாள். அன்றைய பாடம் அவளுக்கு அதோடு முடிந்தது. அதற்குமேல் நடத்த எனக்கும் மனசு வரவில்லை.

நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ் வராம கம்ப்யூட்டர் வருமா?

வரும். திரையில் அடிக்கடி வருவது ஒரு ஐம்பது சொல்தான். சேவ், கட், பேஸ்ட், டெலீட் எல்லாம் உங்கள் பாட்டிக்கே தெரிந்திருக்கும். தடுக்குவது பிழைச் செய்தியில்தான். ஒரு கட்டம் முளைத்ததும் படிக்காமலே மூடிவிடுகிறீர்கள். அதில் இருப்பது இரண்டே வரி. மூடுவதற்கு முன் போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். பத்துக்கு ஏழு தடவை அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

தமிழில் டைப் செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துக்கொண்டு வராதீர்கள். தமிழ்த்துறை மாணவர் ஒருவர் வெளியில் அப்படி அடித்து, பென் டிரைவில் கொண்டுவந்து செமினார் அன்று திறந்தார். அந்த எழுத்துரு இல்லாத மெஷின். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. சங்க இலக்கியத்தில் நல்ல பிடிப்புள்ள பையன், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. யூனிகோடில் அடித்திருந்தால் எந்த மெஷினிலும் தமிழாகவே தெரிந்திருக்கும். தமிழ்99 விசைப்பலகை பழக இரண்டு வாரம் போதும். அதுவரை போனில் அடிப்பது போலவே அடித்தாலும் பரவாயில்லை, யூனிகோடாக இருந்தால் சரி.

கம்ப்யூட்டர் தெரிஞ்சா நம்பிக்கை வருமா, இல்ல நம்பிக்கை இருந்தாத்தான் கம்ப்யூட்டர் வருமா?

இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். ஆனால் முதல் அடி கையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் அனுபவம். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் தன்திறன் நம்பிக்கை என்ற கருத்தை முன்வைத்தார். ‘நான் நல்லவன், கெட்டிக்காரன்’ என்கிற பொதுவான நம்பிக்கை வேறு. ‘இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் முடிக்க முடியும்’ என்பதுதான் அவர் சொன்னது. அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு நான்கு வழி காட்டினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை. நான்கிலும் வலுவானது முதலாவது. எக்செல்லில் 540-ஐ மாற்றி மாற்றிப் பார்த்தாளே, அவளுக்குக் கிடைத்தது அதுதான்.

பிறகு 1995-ல் கனடாவைச் சேர்ந்த காம்போ, ஹிக்கின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணினிக்கென்றே பத்துக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார்கள். உங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு புது மென்பொருளைக் கொடுத்தால் வேலையை முடிப்பீர்களா என்பதுதான் அடிப்படைக் கேள்வி. சொல்லித்தர யாருமே பக்கத்தில் இல்லாவிட்டால்? கையேடு மட்டும் இருந்தால்? சிக்கினால் கூப்பிட ஓர் ஆள் இருந்தால்? இப்படிப் போகும். எந்தப் படியில் உங்கள் ‘முடியும்’ தொடங்குகிறது என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். முதல் செமஸ்டரில் ‘கூப்பிட ஆள் இருந்தால் முடியும்’ என்று இருந்தவர், நாலாவது செமஸ்டரில் ‘யாரும் இல்லாவிட்டாலும் தட்டித் தடுமாறி முடிப்பேன்’ என்று நகர்ந்திருந்தால் அவர் வளர்ந்திருக்கிறார்.

பக்கத்து சீட்ல இருக்கிறவ டக்கு டக்குன்னு பண்றா. அவளைப் பார்த்தாலே எனக்கு இருக்கிறதும் போயிடுது.

அவள் வீட்டில் ஆறாம் வகுப்பிலிருந்தே கம்ப்யூட்டர் இருந்திருக்கும். மேலே பண்டூரா சொன்ன இரண்டாவது வழியில் ‘தன்னைப் போன்ற’ என்று இருப்பதைக் கவனியுங்கள். நம்மைவிட ரொம்ப தூரம் முன்னால் போய்விட்டவரைப் பார்த்தால் ஊக்கம் வராது, சோர்வுதான் வரும். போன மாதம் வரை உங்களைப் போலவே தடவிக்கொண்டிருந்து இப்போது கொஞ்சம் தேறியவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவருக்கு எங்கே சிக்கியது என்பது இன்னும் மறந்திருக்காது.

நேரா கேக்குறேன். இதெல்லாம் கத்துக்கிட்டா செமஸ்டர் மார்க் கூடுமா?

நேரடியாகக் கூடாது. மூன்று மணி நேரம் பேனாவால் எழுதும் தேர்வில் எக்செல்லுக்கு வேலை இல்லை. இன்டர்னல், அசைன்மென்ட், செமினார், கடைசி வருடப் புராஜெக்ட் இவற்றில் கூடும். அதிலும் புராஜெக்டில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஒருவர் தரவைச் சேகரித்து, அட்டவணை போட்டு, தனக்கு வந்ததை விளக்குவார். இன்னொருவர் பிரிண்ட் கடையில் கொடுத்து வாங்கிய புராஜெக்டை வைவாவில் விளக்கத் தெரியாமல் நிற்பார்.

மறைமுகமாகவும் ஒன்று நடக்கிறது, நான் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். ஃபைல் திறக்கவில்லை, ஆன்லைன் வகுப்பு லிங்க் ஓடவில்லை, நூலகத் தளத்தில் கட்டுரை கிடைக்கவில்லை என்ற நிலையில் நம்பிக்கையுள்ள பிள்ளை நாலு வழி முயன்று பார்க்கும். இல்லாத பிள்ளை அங்கேயே விட்டுவிட்டு, ‘எனக்கு வராது’ என்று படிப்பின்மீதே பழியைப் போட்டுவிடும். அந்த விட்டுவிடுதல் குறைந்தால் வருடக் கடைசியில் மார்க்கில் கொஞ்சம் தெரியத்தான் செய்யும்.

கருவி கையில் வந்தாலே போதும் என்று நினைத்தவர்களும் உண்டு. பெரு நாட்டில் 319 கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2012-ல் வந்தது. பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று கொடுத்திருந்தார்கள். கணினி இயக்கத் தெரிந்தது, ஆனால் கணிதத்திலும் மொழியிலும் மார்க் ஏறவில்லை. சின்னப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுதான். ஆனாலும் பெட்டி வேறு, பாடம் வேறு என்பது கல்லூரிக்கும் பொருந்தும்.

வீட்ல லேப்டாப் இல்ல. அப்போ நான் பின்தங்கிடுவேனா?

நீங்கள் தனியாக இல்லை. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் கிராமத்தில் நூற்றுக்கு 4 சொச்சம், நகரத்தில் 23 சொச்சம். தமிழ்நாட்டில் 2011-லிருந்து பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசு லேப்டாப் கொடுத்தது, பிறகு சில வருடம் நின்றுபோனது. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு வருடத்தில் டேப்லெட்டோ லேப்டாப்போ தருவதாக அறிவித்தார்கள்.

கையில் வரும்வரை லேப் நேரத்தை வீணாக்காதீர்கள். நடுவில் ஃப்ரீ பீரியட் வந்தால் கேன்டீனுக்குப் போகும் வழியில் எட்டிப் பாருங்கள், பெரும்பாலும் பாதி மெஷின் காலியாகத்தான் இருக்கும். வாரம் மூன்று நாள், அரை அரை மணி நேரம் போதும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இது மேல்.

வகுப்புலயே லேப்டாப்ல நோட்ஸ் எடுத்தா நல்லதுதானே?

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. லேபில் வேலை செய்பவள் இப்படிச் சொல்கிறேனே என்று சிரிக்காதீர்கள். அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பொருளாதாரப் பாடத்துக்குச் சில வகுப்புகளில் கணினியை அனுமதித்தும் சிலவற்றில் தடுத்தும் பார்த்தார்கள். ஆய்வு 2017-ல் வெளிவந்தது. அனுமதித்த வகுப்புகளில் இறுதித் தேர்வு மார்க் சராசரியாகக் குறைந்திருந்தது. பெரிய சரிவு இல்லை, திட்ட விலக்கத்தில் (மார்க்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு) 0.18 பங்குதான். ஆனால் ராணுவ ஒழுங்குள்ள இடத்திலேயே அப்படி என்றால், நம் கடைசி பெஞ்சில் எப்படி இருக்கும்? வகுப்பில் பேனா, வீட்டில் டைப் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

என்பிடெல், நான் முதல்வன் சர்டிபிகேட் எல்லாம் நிறைய வாங்கி வச்சிருக்கேன். அதுவே நம்பிக்கை தருமா?

அந்தச் சான்றிதழை எப்படி வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல்லில் வார அசைன்மென்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 10-ம் தேர்வில் 30-ம் எடுத்தால்தான் சான்றிதழ். வாட்ஸ்அப் குரூப்பில் வரும் விடையைத் தட்டிவிட்டு 25-க்கு 25 வாங்கிவிடலாம், தேர்வு மையத்தில் அந்தக் குரூப் கூட வராது. பண்டூரா சொன்ன முதல் வழியில் ‘தானே’ என்ற சொல்தான் முக்கியம். 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டப் பயிற்சிகளுக்கும் இதுவே என் பதில். எட்டு சான்றிதழைவிட, நீங்களே திணறி முடித்த ஒன்று இன்டர்வியூவில் பேச உதவும்.

சாட்ஜிபிடி வந்தாச்சு. இனிமே இதெல்லாம் எதுக்கு மேம்?

2022 நவம்பருக்குப் பிறகு இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவர்களைக் கணிதப் பாடத்தில் சோதித்தார்கள். செயற்கை நுண்ணறிவைக் கையில் கொடுத்துப் பயிற்சிக் கணக்கு போடச் சொன்னபோது மார்க் 48 சதவீதம் ஏறியது. பிறகு அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தால், அது இல்லாமலே பயின்ற பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைந்தது. எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றவே இல்லை. விடையை நேரே தராமல் துப்பு மட்டும் தரும்படி அமைத்த இன்னொரு வகையில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

ஆகவே தடை போடமாட்டேன். ‘விடை சொல்லாதே, நான் எங்கே தப்பு செய்தேன் என்று மட்டும் காட்டு’ என்று கேட்டுப் பழகுங்கள். அது எழுதிக் கொடுத்ததை அப்படியே கொண்டுவந்தால் எனக்குத் தெரிந்துவிடும். போன செமஸ்டரில் மூன்று பேர் கட்டுரையிலும் ‘முடிவாகக் கூறின்’ என்று ஒரே மாதிரி முடிந்திருந்தது. நம் பிள்ளைகளில் எவன் ‘கூறின்’ என்று எழுதுவான்?

சில பசங்க ‘எல்லாம் தெரியும்’னு மார் தட்டுறாங்க, உட்கார வச்சா ஒண்ணும் ஓடல. நம்பிக்கை அதிகமா இருக்கிறதும் பிரச்சினையா? (சக ஆசிரியர்)

பிரச்சினைதான். நான் லேபில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வேலையைக் கொடுக்கும் முன், ‘இதை எத்தனை நிமிடத்தில் முடிப்பாய்?’ என்று தாளில் எழுதி வாங்குவேன். முடித்ததும் உண்மையான நேரத்தைப் பக்கத்தில் எழுதச் சொல்வேன். ‘5’ என்று எழுதியவன் 35 எடுப்பான். ‘முடியாது’ என்று எழுதிய பெண் 20 நிமிடத்தில் முடித்துவிட்டுத் தன் தாளையே நம்பாமல் பார்ப்பாள். நாலைந்து வாரத்தில் இரண்டு எண்ணும் நெருங்கி வந்துவிடும். யாரையும் திட்ட வேண்டாம், தாளே பேசிக்கொள்ளும்.

என் ஆய்வுல டிஜிட்டல் திறனுக்கும் மார்க்குக்கும் தொடர்பெண் 0.4 வந்தா, திறன்தான் மார்க்கைக் கூட்டுதுன்னு எழுதலாமா? (ஆய்வு மாணவர்)

எழுதாதீர்கள். தொடர்பெண் என்பது இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண், அவ்வளவுதான். 0.4-ஐ வர்க்கப்படுத்தினால் 0.16. மார்க்கில் தெரியும் ஏற்றத்தாழ்வில் நூற்றுக்கு 16 பங்குதான் அதோடு சேர்ந்து போகிறது, அதுவும் காரணம் என்ற கணக்கில் இல்லை. அப்பா அம்மா படித்த வீட்டில் லேப்டாப்பும் இருக்கும், டியூஷனும் இருக்கும், மார்க்கும் இருக்கும். நன்றாகப் படிக்கும் பிள்ளை கம்ப்யூட்டரையும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்ற எதிர்த்திசையையும் மறுக்க முடியாது.

அதைவிடப் பெரிய ஓட்டை அளவுகோலில் இருக்கும். ‘எக்செல் எனக்கு நன்றாகத் தெரியும்: முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ என்று டிக் அடிக்க வைத்தால் நீங்கள் அளப்பது திறனை இல்லை, நம்பிக்கையைத்தான். முந்தைய பதிலில் வந்த ‘5 நிமிடம்’ பையனும் அந்தக் கட்டத்தில்தான் டிக் அடிப்பான். அப்புறம் அதையே ‘திறன்’ என்று பெயர் வைத்து, தன்னம்பிக்கை அளவுகோலோடு ஒப்பிட்டால் தொடர்பு வராமல் என்ன செய்யும்? கெட்டுப்போன ஒரு ஃபைலைக் கொடுத்து 20 நிமிடத்தில் சரிசெய்யச் சொல்லி மார்க் போடுங்கள். நம்பிக்கைக்கு காம்போ, ஹிக்கின்ஸ் கேள்விகளைத் தனியாக வையுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கையும் வீட்டு நிலையையும் கணக்கில் சேர்த்த பிறகும் ஏதாவது மிஞ்சினால், அதைப் பற்றி எழுதலாம்.

யாராவது பின்னாடி நின்னு பார்த்தா கை ஓட மாட்டேங்குது மேம். என்ன பண்றது?

பண்டூரா சொன்ன நாலாவது வழி இதுதான். கை நடுங்கினால் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று மனசு தானே முடிவு கட்டிவிடும். உண்மையில் தெரிந்திருக்கும், நடுக்கம்தான் மறைக்கிறது.

இதில் என் தப்பும் உண்டு. ஆரம்ப வருடங்களில் ஒருவர் திணறினால் குனிந்து, மவுஸை வாங்கி, நானே நாலு கிளிக்கில் முடித்துக் கொடுத்துவிடுவேன். உதவி என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் ஒரு மாணவி, நான் அவள் வரிசைக்கு வருவது தெரிந்ததுமே மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் கேட்கவே இல்லை, அவளாகவே ஒதுங்கி இடம் விட்டாள். இப்போது லேபில் நடக்கும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்கிறேன். அப்படியும் கூச்சமாக இருந்தால் கடைசி வரிசை 23, 24-ம் நம்பர் மெஷினுக்கு மாறிக்கொள்ளுங்கள். அங்கே உங்களுக்குப் பின்னால் சுவர் மட்டும்தான்.